மகளை அமெரிக்கா அனுப்பும் முன்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சட்ட விழிப்புணர்வுப் பயிற்றுநர் பேசியது)

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மாப்பிள்ளை அமெரிக்கா சிட்டிசன். தாலி கட்டினதும் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேங்கறாரு. அது நடக்குமா?"

கட்டினதும் நடக்காது அக்கா. ஒரு வருஷம், அதுக்கு மேலேயும் ஆகலாம்.

முதலில் மாப்பிள்ளை உண்மையிலேயே சிட்டிசனா என்று பாருங்கள். அங்கே இருக்கிறவங்க எல்லாரும் சிட்டிசன் இல்லை. வேலை விசாவில் இருந்தால் பொண்ணு அவரைச் சார்ந்த விசாவில்தான் போக முடியும், அது குடியேற்றம் ஆகாது. கிரீன் கார்டு மட்டும் இருந்தால் வரிசையில் காத்திருக்கணும். சிட்டிசன் மனைவிக்குத்தான் அந்த வரிசை கிடையாது. அவரது அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நாம ஆடு வாங்கினாலே பல்லைப் பார்த்துத்தானே வாங்குறோம்!

விண்ணப்பம் போடுவது கணவர். ஐ-130 என்ற படிவத்தை அங்கே அவர் போடணும். அது ஏற்கப்பட்ட பிறகு, மனைவியைக் காப்பாற்றும் அளவு வருமானம் இருக்கு என்று ஐ-864 என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். இந்தப் பத்திரத்தை மறந்துடாதீங்க. விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு உடனே போயிடாது. அடுத்து மருத்துவப் பரிசோதனை, பிறகு நேர்காணல். நம்ம நாட்டுக்கு இது பெரும்பாலும் மும்பைத் தூதரகத்தில்தான்.

"விசாச் செலவுக்கு அஞ்சு லட்சம் கொடுங்க" என்று கேட்கிறவங்களும் உண்டு. 2024 ஏப்ரல் கணக்குப்படி, அரசாங்கக் கட்டணம் மொத்தமும் சேர்த்து சுமார் 1,350 டாலர். மருத்துவம், வக்கீல், பயணம் தனி. அதுக்கு மேலே கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் அது வரதட்சணைதான், வேற பேர் வெச்சிருக்காங்க.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது காகித வேலை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் பொண்ணு பேர் இருக்கா பாருங்கள். பல வீட்டில் "பெண் குழந்தை" என்று மட்டும்தான் இருக்கும். பதிவே இல்லையென்றால், இல்லை என்பதற்கே ஒரு சான்று வாங்கணும். இனிஷியல்தான் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசா, கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பேர். மூணும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலையணும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே யோசிச்சுப் பேர் கொடுங்கள்.

"டூரிஸ்ட் விசாவில் போயிட்டு அங்கேயே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். குடியேறும் எண்ணத்தை மறைச்சுப் போறது பொய் சொன்ன மாதிரி. பின்னாடி கதவு நிரந்தரமா மூடிடலாம்.

இப்ப சொல்வதைத் தாய்மார்கள் கட்டாயம் கேட்டுக்கணும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகும் முன்னே அங்கே போய் இறங்கினால், முதல் கிரீன் கார்டு இரண்டு வருஷத்துக்குத்தான். அது முடியும் முன் கடைசி 90 நாளில் இருவரும் சேர்ந்து ஐ-751 படிவம் போடணும். "நான் கையெழுத்துப் போடலேன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்று மிரட்டுற கணவர்களும் இருக்காங்க. அது முழு உண்மை இல்லை. அடி உதை இருந்தாலோ, விவாகரத்து ஆனாலோ, அவள் தனியாகவே விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனா அடி வாங்கினதுக்கும் உண்மையா குடும்பம் நடத்தினதுக்கும் ஆதாரம் வேணும்.

அதனால் பாஸ்போர்ட் பொண்ணு கையில்தான் இருக்கணும். வழக்கு எண், எல்லாப் படிவங்களின் நகல், திருமணப் பதிவுச் சான்று இதெல்லாம் ஒரு பைல் அவளிடம், இன்னொரு பைல் உங்கள் பீரோவில். குழு நோட்டைப் பத்திரமா வைக்கிறீங்கள்ல, அது மாதிரி.

யாருக்காவது வரன் பேசிக்கிட்டிருந்தா, கூட்டம் முடிஞ்சதும் காகிதங்களோட வாங்க, உட்கார்ந்து பார்க்கலாம்.