ஒலிவாங்கி இல்லாமல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நான் கொஸ்லந்தைப் பக்கத்து லயமொன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸேறி இங்கே விடுதிக்கு வந்தவள். ஏழாம் வகுப்பில் பாடல் போட்டியொன்றுக்கு எங்களைத் தயார்ப்படுத்த வெளியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, "உன்னுடையது மலையில் நின்று கூப்பிடுகிற குரல், நீ வாயை மட்டும் அசை" என்றார். அசைத்தேன். எங்களுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்று நான் பேச வந்தது என்னைப் பற்றியல்ல, கிஷானி ஜயசிங்கவைப் பற்றி. கொழும்பு விசாகா வித்தியாலயத்தின் பழைய மாணவி. இங்கிலாந்தில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். அதன்பின் லண்டன் றோயல் அக்கடமியில் குரலிசை பயின்று, கொவன்ட் கார்டனிலுள்ள றோயல் ஒபேரா ஹவுஸின் இளம் கலைஞர் திட்டத்துக்குத் தெரிவானார். பெண்குரல்களில் மிக உயர்ந்ததான சொப்ரானோ அவருடையது. சட்டத்தரணியாகக் கூடிய மகள் பாடப் போகிறேன் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒபேரா என்பது பெரிய அதிசயமல்ல. கதையை முழுக்கப் பாடியே நடிப்பது. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரியும். அதிசயம் வேறிடத்தில் இருக்கிறது. முன்னால் ஒரு முழு வாத்தியக் குழு முழங்க, ஒலிவாங்கி இல்லாமல் அந்தக் குரல் கடைசி வரிசைவரை போக வேண்டும். கத்தினால் போகாது, தொண்டைதான் போகும். மூச்சை அடக்கி ஆளவும், தொண்டையும் வாயும் சேர்ந்த குழியை ஒரு வாத்தியம்போல் திறந்து வைக்கவும் பல வருடப் பயிற்சி தேவை. இன்னொன்று. சுரம் மிக உயரும்போது உயிரெழுத்துகள் தங்கள் முகத்தை இழந்துவிடும். ஈயும் ஊவும்கூட ஆபோலக் கேட்கும். அது பாடகியின் உச்சரிப்புக் குறையல்ல. அந்த உயரத்தில் எந்த மனிதக் குரலுக்கும் அப்படித்தான்.

இதை ஏன் விளக்குகிறேன்? 2016 பெப்ரவரி 4, காலிமுகத்திடலில் 68ஆவது சுதந்திர தினக் கொண்டாட்டம். கிஷானி 'தன்னோ புதுங்கே' என்ற சிங்களப் பாடலை ஒபேராக் குரலில் பாடினார். சிங்கள மக்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பாடல் அது. அடுத்த நாட்களில் எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். சொல் புரியவில்லை என்றார்கள், பாடலைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். தொலைக்காட்சியில் அவரை மிகத் தரக்குறைவாகப் பேசினார்கள். அவருக்காகக் குரல் கொடுத்தவர்களும் ஏராளம், அதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பாடலின் கதையைப் பாருங்கள். ஜோன் டி சில்வாவின் 'சிறிசங்கபோ' நாடகத்தில், அநுராதபுரத்தை வந்தடையும் நண்பர்கள் பாடுவது அது. நாடகம் மேடையேறியது 1903இல். மெட்டமைத்தவர் வட இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லாவ்ஜி. பின்னர் ஹியூபேர்ட் ராஜபக்ஷ அதே பாடலை மேற்கத்தியக் குரற்பயிற்சியோடுதான் பாடினார். அப்படியானால் 2016இல் கெட்டுப்போனது எது? எனக்கு விளங்கவில்லை.

அதே விழாவில் இன்னொன்றும் நடந்தது. 1949க்குப் பிறகு முதல்தடவையாக, தேசிய சுதந்திர தின வைபவத்தில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டது. நாம் காலைக் கூட்டத்தில் வரிசையாக நின்று பாடிய அதே கீதம். வீட்டில் நான் எழுந்து நின்றேன், என் பேத்தி சிரித்தாள். அதற்கும் எதிர்ப்பு வந்தது. 2020இல் அந்த வைபவத்தில் தமிழ்க் கீதம் கைவிடப்பட்டது. ஒரு பெண் சிங்களப் பாடலைத் தன் குரலில் பாடினாலும் பிழை, நாம் நாட்டின் பாடலை நம் மொழியில் பாடினாலும் பிழை. இரண்டையும் நான் அன்றிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தே நினைக்கிறேன்.

மலையகத்தில் ஒலிவாங்கி இல்லாமல் பாடிய பெண்கள் நமக்குப் புதியவர்களல்ல. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதி, தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். கூட்டத்தைக் கூட்டியது பேச்சா பாட்டா என்று என் பாட்டியிடம் கேட்டால், யோசிக்காமல் பாட்டு என்பாள்.

இன்னொரு குரலையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்தது. நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த இடத்தில் வயதான அம்மா ஒருவர் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி அந்தக் குரல் வாசலில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. அவருக்கு எந்த அக்கடமியும் பயிற்சி கொடுக்கவில்லை. கிஷானியின் குரலைப் பிறகு கேட்டபோது எனக்கு அந்த அம்மாதான் ஞாபகம் வந்தார். இவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார்கள், அவருக்கு இல்லை. மற்றபடி வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டும் யோசனை இருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மண்டபத்துப் பியானோ சுருதி கூட்டாமல் மூடிக் கிடக்கிறது, அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். வளைவின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, வாரத்தில் இரண்டு நாள் குரற்பயிற்சி கொடுக்க ஓர் ஆசிரியையை அமர்த்துவோம். கர்நாடக இசையோ மேற்கத்திய இசையோ, பிள்ளை எதை விரும்புகிறாளோ அதைக் கற்கட்டும். முதல் வருடச் சம்பளத்தில் மூன்று மாதத்துக்கு நான் பொறுப்பு. மிச்சத்துக்குக் கனடாவையும் லண்டனையும் பார்க்கிறேன்.

நேற்று ஒத்திகையில் பின்வரிசையில் ஒரு பிள்ளையைப் பார்த்தேன். பதினொரு வயது, பூனாகலைப் பக்கம். வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுப் பாடச் சொன்னேன். அவள் இப்போது மேடைக்கு வருவாள். தம்பி, அந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் கேட்கிறதா என்று கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.