கோடாத கோடு



'கோடு' என்பது தமிழில் பல பொருள் ஒருசொல். வரைந்த வரையும் கோடு; வளைவும் கோடு; ஆத்தூரை அடுத்த முத்துக்குளித்துறைக் கடலில் மூழ்கி எடுக்கும் சங்கும் கோடு. கோடுதல் என்றால் வளைதல், நெறி பிறழ்தல். எனவேதான் நடுவுநிலைமையைக் 'கோடாமை' என்றனர் முன்னோர். நேர்கோட்டைக் கோடாமல் காட்டுவது அரிது என்பதைக் கட்டடங்களை ஒளிப்படம் எடுப்போர் நன்கறிவர்.

கோயில் திருச்சுற்று குறுகியது. முதுகுக்குப் பின்னே மதில், பின்வாங்க இடமில்லை. மண்டபம் முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமாயின் அகலக்கோண வில்லை வேண்டும். ஆனால் அத்தகைய வில்லைகள் பலவும் ஓரத்து நேர்கோடுகளைப் பீப்பாயின் பக்கம்போல் பிதுங்கச் செய்யும். இதனை உருத்திரிபு என்பர். நூற்றுக்கு ஒரு பங்கு திரிபு அற்பமாகத் தோன்றலாம். படத்தின் மையத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கும் தூண், அந்தத் திரிபினால் 10 சென்டிமீட்டர் இடம் பெயர்ந்துவிடும். காணும் கண் இதைப் பொறுக்கும். அளக்கும் கை பொறுக்காது. உப்புக்காற்று அரிக்கும் கடற்கரைக் கட்டடங்களுக்கு, ஒருநாள் படமே எஞ்சிய சான்றாக நேரலாம். அன்று அது பொய்ச்சான்றாகிவிடக் கூடாது.

இச்சிக்கலுக்குத் தமிழகத்திலேயே ஒரு பழைய விடை உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். அவர் ஒரே படத்துக்குள் அனைத்தையும் திணிக்கவில்லை. பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அக்கல்வெட்டுகளைத் தாங்கிய ஹுல்ஷின் பதிப்பு 1891-இல் வெளிவரத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அம்முயற்சி.

வில்லைக் கலை வேறு வழியில் விடை தேடியது. 1866-இல் இங்கிலாந்தில் டால்மேயரும் செருமனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே ஒரே அமைப்பைக் கண்டனர். நடுவே ஒளித்துளை, அதன் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த வில்லைத் தொகுதிகள். முன்தொகுதி உண்டாக்கும் திரிபைப் பின்தொகுதி எதிர்த்திசையில் நீக்கிவிடும். இந்தச் சமச்சீரே இன்றளவும் அடிப்படை.

ஆறு சென்டிமீட்டர் அகலப் படச்சுருள் கொண்ட நடுத்தர அளவுக் கருவிகளில் இங்குதான் இடர்ப்பாடு தோன்றியது. கண்ணாடி வழியே நோக்கும் கருவியில் அக்கண்ணாடி மேலெழுந்து இறங்க இடம் வேண்டும். ஆகவே வில்லை படச்சுருளை நெருங்க இயலாது. சமச்சீரைக் கைவிட்டுத்தான் அதற்கு அகலக்கோண வில்லை அமைக்க வேண்டும், திரிபும் கூடும். 1954-இல் ஹாசல்பிளாட் நிறுவனம் கண்ணாடியையே நீக்கி ஒரு கருவியை வெளிக்கொணர்ந்தது. பெர்டெலே வகுத்து ஸைஸ் நிறுவனம் செய்த 38 மில்லிமீட்டர் பயோகான் வில்லை அதில் பொருத்தப்பட்டது. மூலைக்கு மூலை ஏறத்தாழ 90 பாகையைத் தழுவியும் கோடுகளை நேராகவே நிறுத்தியதால், கட்டடக் கலைஞர்கள் அதனைப் பல பதிற்றாண்டுகள் போற்றினர்.

அதற்கும் விலை உண்டு. படத்தின் மூலைகள் இருளும். எண்மக் கருவியின் உணரியில் ஒளி மிகச் சாய்ந்து விழுவதால் ஓரங்களில் நிறம் மாறும். நேர்கோட்டைக் காக்கும் வில்லை வட்டத்தைக் காப்பதில்லை. ஓரத்து உருண்டை முட்டையாக நீளும். கருவியை அண்ணாந்து பிடித்தால் குறையற்ற வில்லையிலும் கோபுரம் பின்னே சாயும். அது வில்லையின் குற்றமன்று, பிடித்த கையின் குற்றம். கணிப்பொறி கொண்டு வளைவைப் பின்னர் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்துகையில் ஓரங்கள் இழுபட்டு நுண்மை குன்றும்.

ஆதலின் தேர்வு பொருளைப் பொறுத்தது. ஆத்தூர்ச் சோமநாதர் கோயிலில் உள்ளன போன்ற கல்வெட்டு வரிகளுக்கு அகலக்கோணம் வேண்டா. மிதமான கோணமுள்ள வில்லையைச் சுவருக்கு இணையாக நகர்த்தி, டிரைப்பைப்போல் பகுதி பகுதியாக எடுத்தலே சாலும். குறுகிய மண்டபத்துக்குச் சமச்சீர் வில்லை ஏற்றது. உயர்ந்த கோபுரத்துக்கும், தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலய முகப்புக்கும், கருவியைச் சாய்க்காது வில்லையை மட்டும் மேலே நகர்த்தும் அமைப்பு வேண்டும். வாங்குமுன் ஒரு செங்கற் சுவரைப் படமெடுத்து, ஓரத்து வரிசையின்மேல் அளவுகோல் வைத்துப் பார்த்தால் வில்லையின் உண்மை விளங்கும்.

கவிஞர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அனைத்தையும் ஒரே பாட்டில் அடக்க முனையும்போது ஓரத்தில் நிற்கும் மனிதரே முதலில் கோணுகின்றனர். கரையில் வலையிழுப்போரும் உப்பளத்தில் உழைப்போரும் பாட்டின் ஓரத்தில் நின்றாலும் தம் உருவிலேயே நிற்க வேண்டும். அகலம் போதாதெனில் இருபத்தொரு முறை நின்று நோக்கலாம், தவறில்லை. பத்தாண்டு கண்ட வட்டத்தின் எழுத்துகள் கோடாமல் வளர்க.