தண்ணீரில் மூச்சை விடு

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நமது செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், நீங்கள் ஏதோ டிரையத்லான் பண்ணினீர்களாமே, அதைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச வேண்டும்" என்றார். வழக்கமாக உபன்யாசம் நடக்கும் மேடை இது. உபன்யாசம் செய்யும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் எழுபது வயதில் ஒரு வித்தையை அ, ஆ-விலிருந்து கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. 1974-ல் அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த சிலர், ஒரு மாறுதலுக்காக இதை ஆரம்பித்தார்கள். முதல் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 46 பேர். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் இது இடம் பெற்றது. அங்கே நீச்சல் ஒன்றரை கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. நான் செய்தது இதில் சரிபாதி. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதற்கு ஸ்பிரின்ட் என்று பெயர். என் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள்!

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பிறகு மத்திய அரசின் வானிலைத் துறை. 2012-ல் ஓய்வு பெற்று புணேயிலேயே தங்கிவிட்டேன். காவேரிக் கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை எந்த சபையிலும் சொன்னதில்லை. 1960-ம் வருஷம் ஆடி மாதம், ஆற்றில் புது வெள்ளம். என் அண்ணாவுக்கு 12 வயது, எனக்கு 8. படித்துறையில் அவன் துணியை நான் வைத்துக்கொண்டு நின்றேன். இறங்கியவன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அம்மா எங்கள் யாரையும் ஆற்றங்கரைக்கு விடவில்லை. கிணற்றடியிலேயே குளித்து வளர்ந்தோம். நான் தகப்பனான பிறகு என் பெண்ணைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை.

2022-ல் பேரனுக்கு 9 வயது. பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு ஆரம்பித்தார்கள். குழந்தை குளத்தைப் பார்த்தாலே அழுகிறான் என்று ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார். "எப்படிக் கற்றுக் கொடுத்தாய்?" என்று பெண்ணைக் கேட்டேன். "நான் எங்கேப்பா கற்றுக் கொடுத்தேன்? நீங்கள் எனக்குக் கொடுத்த பயம். நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே அவனை அழைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் நீச்சல் குளத்துக்குப் போனேன். கற்றுக் கொடுத்தவள் 23 வயதுப் பெண், மராத்திக்காரி. அவள் பையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "காகா, நீங்கள் முதலில் இறங்குங்கள். அவன் தானாக வருவான்" என்றாள். இத்தனை வருஷம் உத்தரவு போட்டவன், பேத்தி வயதுப் பெண்ணிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

நித்யம் ஸந்த்யாவந்தனம் பண்ணுகிறவன், பிராணாயாமம் பழக்கம், மூச்சை அடக்குவது நமக்குக் கை வந்த கலை என்று நினைத்திருந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை அமுக்கினால் பத்து எண்ணுவதற்குள் நெஞ்சு திணறுகிறது. மூச்சு முட்டும் உணர்ச்சி பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு சேருவதால் வருகிறது. அதை வெளியேற்றாமல் மேலும் மேலும் காற்றை இழுத்தால் திணறல்தான் அதிகமாகும். தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது மூக்காலும் வாயாலும் மெள்ள விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போது காற்று தானே உள்ளே வரும். "காகா, மூச்சை விடுங்கள், விடுங்கள்" என்று அந்தப் பெண் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பாள். அந்த ஒன்றைக் கற்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது. பேரன் ஆறே நாளில் கற்றுக்கொண்டான்.

இன்னொரு பாடம், தலையைத் தூக்கக் கூடாது. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும், கால்கள் கனம். பயத்தில் தலையைத் தூக்கினால் தராசு மாதிரி கால் கீழே போய்விடும். வேகமாகக் கையை வீசியும் பயனில்லை. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். பரீட்சைக்காகப் படித்த பௌதிகம், ஐம்பது வருஷம் கழித்துத்தான் உடம்புக்குப் புரிந்தது.

ஒரு வருஷத்தில் குளத்தில் நிற்காமல் 800 மீட்டர் போக முடிந்தது. சைக்கிள் எனக்குப் பழக்கம், ஆபீசுக்குப் பல வருஷம் அதில்தான் போனேன். காலை நடையும் உண்டு. "அப்படியானால் டிரையத்லான் செய்யலாமே காகா" என்றாள் அந்தப் பெண். ஜப்பானில் ஹிரோமு இனாடா என்பவர் 60 வயதுக்கு மேல் நீச்சல் கற்று, 70-ல் முதல் டிரையத்லான் செய்து, 2018-ல் தம் 85-வது வயதில் ஹவாயில் அயர்ன்மேன் போட்டியையே முடித்தவர் என்றும் அவள்தான் சொன்னாள். அயர்ன்மேன் என்றால் நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, ஓட்டம் 42!

ஆத்துக்காரியிடம் சொன்னேன். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "ஏன்னா, நீங்க விழுந்து படுத்தா என்னை யார் பார்த்துப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிறகு அவளே மூன்று நிபந்தனை போட்டாள். டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை கூட வர வேண்டும். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் கையைத் தூக்க வேண்டும். டாக்டர் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டு, "செய்யுங்கள். ஆனால் யாரோடும் போட்டி போடாதீர்கள்" என்றார்.

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடினால் கால் மரக்கட்டையாக இருக்கும். சுற்றிச் சுற்றி மிதித்துப் பழகிய தசைகள் உடனே வேறு வேலைக்கு மாறாது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி சைக்கிள், உடனே பத்து நிமிஷம் மெதுவோட்டம் என்று பழகினேன். உடை மாற்றிக்கொள்ளும் நேரமும் கணக்கில் சேரும். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. இதையெல்லாம் எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை பார்த்தேன். ஈர உடம்பில் சட்டை ஏறாது, பூணூல் அதில் சிக்கிக்கொள்ளும். வாட்ச்மேன் தினமும் இலவசமாக வேடிக்கை பார்த்தார்.

2023 நவம்பரில் கோலாப்பூர்ப் பக்கம் ஓர் ஏரியில் போட்டி. முதல் நாள் இரவு தயிர் சாதம், விடியற்காலை இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். எல்லோரையும் முன்னே விட்டுக் கடைசியாக இறங்கினேன். குளத்தில் அடியில் நீலக் கோடு தெரியும், ஏரியில் ஒன்றும் தெரியாது. பாதி தூரம் வந்ததும் என் கையே எனக்குத் தெரியாத பச்சைத் தண்ணீர். திடீரென்று படித்துறை ஞாபகம் வந்தது. தலையைத் தூக்கினேன், கால் கீழே போயிற்று. மூச்சை இழுக்கிறேன், இழுக்கிறேன், உள்ளே போகவில்லை.

ஆத்துக்காரியின் மூன்றாவது நிபந்தனைப்படி கையைத் தூக்கினேன். பாதுகாப்புப் படகில் ஒரு பையன் வந்தான். படகைப் பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான் விதி. "அவசரமில்லை காகா" என்றான் மராத்தியில். முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டேன். இருபது தரம் எண்ணினேன். அறுபத்துமூன்று வருஷமாக எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. பிறகு படகிலிருந்து கையை எடுத்தேன்.

நீச்சல் முடிக்க 40 நிமிஷம் கெடு. நான் 34-ல் கரையேறினேன். சைக்கிள் 64 நிமிஷம். கடைசி 5 கிலோமீட்டரில் நான்கு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று 47 நிமிஷம். உடை மாற்றிய நேரமும் சேர்த்து 2 மணி 38 நிமிஷம். எனக்குப் பின்னால் ஒரே ஒருவர் வந்தார். அவருக்கு வழியில் டயர் பஞ்சர். மாப்பிள்ளை போனை நீட்டினார். "முழுசா இருக்கேளா?" என்று கேட்டாள் ஆத்துக்காரி. "இருக்கேன்" என்றேன்.

எல்லோரும் டிரையத்லான் செய்யுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எதைப் புதிதாக ஆரம்பித்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அந்த க்ஷணமே நிறுத்துங்கள். புத்தகத்தைப் பார்த்து நீச்சல் கற்காதீர்கள், ஒரு குருவைத் தேடுங்கள். குரு உங்களைவிட ஐம்பது வயது சின்னவராக இருந்தாலும் சொன்னபடி கேளுங்கள். நம்மைப் போல அதிகாரம் பண்ணிப் பழகியவர்களுக்கு அதுதான் நீச்சலைவிடக் கஷ்டம். இன்னொன்று, உங்களிடம் இருக்கும் பயம் உங்களோடு நின்றுவிடுவதில்லை. குழந்தைகளுக்கும் போய்ச் சேருகிறது.

இந்த வருஷம் பேரனுக்கு 12 வயது. அன்று என் அண்ணாவுக்கு இருந்த வயது. போன கோடை விடுமுறையில் ஒரு நாள் அவன் துணியை வைத்துக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து, "தாத்தா, துண்டு" என்று கையை நீட்டினான்.