நம்ம வீட்டுப் பெண்ணும் ஆராய்ச்சியாளர் ஆகலாம்

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



காய்ச்சல் கணக்கு, சர்க்கரை நோய் கணக்கு எடுக்க நம்ம ஊருக்கு யார் யாரோ வர்றாங்க. அவங்க கேட்கிறாங்க, நாம பதில் சொல்றோம். அந்தக் கேள்விகளைத் தயாரிக்கிற இடத்தில் நம்ம பெண் இருக்க வேண்டாமா? வயல் வேலையை விட்டுட்டு மருந்து வாங்கப் போகிற கஷ்டம் அவளுக்குத்தானே தெரியும்!

ஆராய்ச்சியால் என்ன பயன்? சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு முடிவு 1959-இல் வெளிவந்தது. சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே, வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் குணமடைந்தார்கள். குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெறும் வழி அப்படித்தான் பிறந்தது. அதே நிலையத்தில் 1992-இல் சேர்ந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன், 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

வழி தூரத்தில் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. சிதம்பரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. மருத்துவ மாணவர்கள் ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு இரண்டு மாதம் ஆராய்ச்சி பழக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. டாக்டருக்குப் படிக்காவிட்டாலும் கவலை இல்லை. கடலூருக்குப் பக்கத்தில் புதுச்சேரியில், கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசு மையம் 1975 முதல் இருக்கு. விலங்கியல் பட்டம் பெற்றவர்களும் சேரக்கூடிய மேற்படிப்பு அங்கே உண்டு.

"படிச்சது போதும், கட்டிக் கொடுத்துடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். அப்போது அந்தத் தாய்க்குக் குழு துணை நிற்கணும். கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கிற நாம், விண்ணப்பச் செலவுக்கும் கொடுக்கலாமே! அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதுவோம்.