இன்னோர் உலகில் இருவர்



காதற் கதைகளில் வரும் வேற்றுலகங்களை, படிப்பவர் நம்பும்படி படைப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. கண் முன்னே இருக்கிற உலகத்தை நம்பும்படி எழுதுவதே அரிதாயிருக்க, இல்லாத உலகத்தை எழுதும் வழியை யார் யாருக்குச் சொல்ல முடியும்? ஆயினும், இந்தத் துறையில் எனக்கு ஒரு பாடம் கிடைத்ததுண்டு. அதை உங்களிடம் சொல்வதில் குற்றமில்லை என்று துணிந்தே இங்கே வந்திருக்கிறேன்.

இளமையில் நான் ஒரு கதை எழுதினேன். மனைவியை இழந்த ஒருவன், ஆற்றங்கரை மண்டபத்தின் பின்புறமுள்ள பழைய வாயில் ஒன்றைக் கடந்து செல்கிறான். அப்பால் அதே ஊர், அதே தெரு, அதே வீடு. ஒரே ஒரு வேற்றுமைதான்: அங்கே அவள் இறக்கவில்லை. இருவரும் கூடி மகிழ்ந்து வாழ்கிறார்கள். கதை அங்கே முடிந்தது. எழுதி முடித்ததும் எனக்கே கண்ணீர் வந்தது. அந்தப் பெருமிதத்தில், கையெழுத்துப் படியை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவருடைய மனைவி காலமாகி அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை எண்ணிப் பாராமல் கொடுத்தது என் பிழை.

மறுநாள் மாலை அவர் வந்தார். படியைத் திண்ணையில் வைத்தார். "நன்றாக எழுதியிருக்கிறீர். ஓர் ஐயம் மட்டும் உண்டு. அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்குமானால், உம்முடைய கதாநாயகன் இத்தனை நாளாக எங்கே போயிருந்தான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெல்லத்தான் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியே பல ஆண்டுகள் பல நூல்களைப் புரட்டினேன். அவற்றிற் கண்டவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலாவது, வழி. நாம் அறிந்த மண்ணிலிருந்து நாம் அறியாத உலகத்துக்கு ஒரு வழி வேண்டும். இதைக் காளிதாசனைப் போல் அறிந்தவர் அரியர். மேகதூதத்தில் வரும் யட்சன் ஓராண்டுச் சாபம் பெற்று இராமகிரியில் தனித்திருக்கிறான். அவன் மனைவியோ அளகாபுரியில் இருக்கிறாள். அளகை மனிதர் காணாத நகரம். எல்லாப் பருவத்து மலர்களும் ஒருங்கே பூப்பது. முதுமை என்பதே இல்லாதது. இப்படி ஒரு நகரத்தை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் யார் நம்புவார்? காளிதாசன் அவசரப்படவில்லை. காவியத்தின் முற்பகுதி முழுவதையும் மேகம் போக வேண்டிய வழிக்கே கொடுத்துவிடுகிறான். நருமதை வருகிறது, விதிசை வருகிறது, உச்சயினி வருகிறது. உச்சயினிக்குப் போவது வழி விலகிப் போவதுதான், ஆனாலும் போய்விட்டுப் போ என்று யட்சன் மேகத்தை வேண்டுகிறான். வழியில் உள்ள நல்ல ஊரைப் பார்க்காமல் போகாதே என்று சொல்வது நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற பேச்சல்லவா? அந்தப் பேச்சிலேயே நாம் மயங்கிவிடுகிறோம். அப்புறம் குருட்சேத்திரம், கங்கை, இமயம், கயிலை. உண்மையான ஊர்களைக் கடந்து கடந்து வந்த நமக்கு, அடுத்த ஊர் அளகை என்றால் அதுவும் ஓர் ஊராகவே தோன்றுகிறது.

அளகைக்குள் நுழைந்த பிறகும், பொன் மாளிகை, மணிக்கோபுரம் என்று மட்டும் சொல்லிக் கவி நின்றுவிடுவதில்லை. யட்சனின் வீட்டருகே ஒரு சிறு மந்தார மரம் இருக்கிறது. அவன் மனைவி அதைப் பிள்ளையைப் போல் வளர்த்திருக்கிறாள். பிரிவு முடிய எஞ்சியுள்ள நாட்களை வாயிற்படியில் மலர்களை வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். சாபம் தீர இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. மரகதப் படிக்கட்டை நாம் நம்பாமற் போகலாம். நாளெண்ணுகிற அந்த விரல்களை நம்பாதிருக்க முடியாது. வேற்றுலகத்தில் வியப்பான பொருள்கள் நூறு இருக்கலாம். ஆனால் காதலர் கையில் இருப்பது நம் வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு பொருளாக இருக்க வேண்டும்.

நம் காலத்தை ஒட்டித் தமிழில் இவ்வழியைக் கையாண்டவர் கல்கி. அவருடைய 'சோலைமலை இளவரசி'யில், 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுத் தலைமறைவாகும் குமாரலிங்கம் ஒரு பாழடைந்த கோட்டையில் வந்து ஒளிகிறான். அங்கே அவனுக்கு நூறாண்டுகளுக்கு முந்திய வாழ்வொன்று கனவும் நனவுமாகத் தோன்றுகிறது. இங்கே பொன்னம்மாள், அங்கே இளவரசி மாணிக்கவல்லி. இரண்டு காலத்துக்கும் இணைப்பு எது? அதே கோட்டை, துரத்தி வருவதும் அதே ஆங்கில ஆட்சி. ஒளிந்திருப்பவனின் அச்சம் இரண்டு உலகிலும் ஒன்றாயிருப்பதால், காதலும் ஒன்றாயிருக்கலாம் என்று மனம் ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது, விதி. வழி கண்டு போய்ச் சேர்ந்த உலகத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. காதலுக்கென்றே ஒரு தனி உலகத்தை முழுமையாகப் படைத்தவர்கள் நம் சங்கப் புலவர்கள். அகத்திணை உலகம் என்பது மண்ணுலகத்தின் வெறும் படம் அன்று. தொல்காப்பியர் அதனைப் புலனெறி வழக்கம் என்கிறார். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைந்தது அது. அந்த உலகத்தில் காதலருக்குப் பெயரில்லை. அவர்களுடைய உள்ளம் எந்நிலையில் இருக்கிறதோ, அதற்கு ஏற்ற நிலமும் பொழுதும் அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றன. கூடும்போது மலையும் நள்ளிரவும். காத்திருக்கும்போது காடும் மாலையும் கார்காலமும். ஊடும்போது வயலும் விடியலும். இரங்கும்போது கடற்கரையும் எற்பாடும். பிரியும்போது சுடுமணலும் நண்பகலும். பாலைக்கெனத் தனி நிலமே இல்லை; முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து.

சற்று எண்ணிப் பாருங்கள். மனத்தின் நிலைக்கேற்ப நிலமும் நேரமும் அமையும் ஓர் உலகம்! இன்றைய எழுத்தாளர் ஒருவர் இதைப் புதிதாகச் சொன்னால் என்ன துணிவான கற்பனை என்று வியப்போம். ஆனால் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்து தொகை நூல்களிலும் எத்தனையோ புலவர்கள், வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு தொழிலினர், இந்த ஓர் உலகத்துக்குள்ளேயே நின்று பாடினார்கள். நமக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. காரணம், விதியைப் புலவர்கள் காத்தார்கள். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வரலாம் என்று இலக்கணம் இடந்தருகிறது. ஆனால் அந்த மயக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதைத் தெளிவாக வகுத்துக்கொண்ட உலகமே நிலைக்கிறது. ஆசிரியர் தம் வசதிக்காக நடுவில் விதியை மாற்றினால், படிப்பவர் புத்தகத்தை மூடுவார். அவர்மேல் குறை சொல்ல இயலாது.

மூன்றாவது, அளவு. உலகத்தை எவ்வளவு மாற்ற வேண்டும்? குறைவாக மாற்றினால் போதும் என்பது என் கருத்து. ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி 2009, 2010 ஆண்டுகளில் வெளியிட்ட '1கியூ84' என்னும் நெடுங்கதையைப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டில் டோக்கியோவின் மேம்பாலச் சாலையில் வண்டிகள் நெருக்கி நிற்க, அவோமாமே என்ற பெண் வாடகைக் காரிலிருந்து இறங்கி, நெருக்கடிக்கால ஏணிப்படி வழியே கீழே வருகிறாள். உலகம் மாறிவிட்டது, ஆனால் அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முதலில் காவலரின் உடையும் துப்பாக்கியும் வேறாயிருப்பதைக் காண்கிறாள். பிறகொரு நாள் வானத்தை நோக்குகிறாள். இரண்டு நிலவுகள் இருக்கின்றன. முதலிலேயே இரண்டு நிலவுகளைக் காட்டியிருந்தால் அது வெறும் விந்தை. காவலரின் துப்பாக்கியை முதலிற் காட்டியதனால், நிலவு வரும்போது நமக்கு உடல் சிலிர்க்கிறது. பத்து வயதில் பள்ளி அறையில் தான் கையைப் பற்றிய ஒரு பையனை அவள் இருபது ஆண்டுகளாக மறக்கவில்லை. அவனும் அந்த இரு நிலவுகளைத் தனியே நின்று பார்க்கிறான். ஒரே வானத்தை இருவரும் பார்ப்பதுதான் அங்கே காதற்செய்தி.

நான்காவது, விலை. என் நண்பரின் கேள்விக்கு மிக அருகில் வருவது இதுவே. பிலிப் புல்மன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1995 முதல் 2000 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்னும் கதையில் ஆக்ஸ்போர்டு நகரமே இரண்டாக இருக்கிறது. லைரா என்னும் சிறுமியின் ஆக்ஸ்போர்டு ஒன்று. வில் என்னும் சிறுவனின் ஆக்ஸ்போர்டு மற்றொன்று. உலகங்களுக்கிடையே சாளரம் வெட்டும் கத்தி ஒன்று வில்லிடம் சேர்கிறது. எத்தனை வசதியான கருவி! ஆனால் புல்மன் அதற்கு விலை வைக்கிறார். ஒவ்வொரு முறை வெட்டும்போதும், மனிதரின் உயிர்ப்பை உண்ணும் பேயுரு ஒன்று பிறக்கிறது. திறந்துகிடக்கும் சாளரங்களின் வழியே உயிர்களுக்கெல்லாம் அறிவொளி தரும் நுண்பொருள் வடிந்து போகிறது. பிற உலகத்தில் குடியேறியவர் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் நலிந்து மடிவார்.

இருவரும் காதல் கொண்ட பின்னரே இவ்விதிகள் யாவும் ஒன்றாய்ச் சேர்ந்து அவர்கள்மேல் விழுகின்றன. சாளரங்களை அடைக்க வேண்டும். இருவரும் அவரவர் உலகுக்குத் திரும்ப வேண்டும். ஆண்டுக்கொரு நாள், நடுக்கோடையில் நண்பகல் வேளையில், தத்தம் ஆக்ஸ்போர்டில் உள்ள தாவரத் தோட்டத்தின் ஒரே இருக்கையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதென்று உறுதி செய்துகொள்கிறார்கள். ஒருவரையொருவர் காண முடியாது; பேச முடியாது. ஆனால் அருகிலேதான் இருக்கிறார்கள். அந்த இருக்கையைப் படித்த எவரும் மறப்பதில்லை. இணையுலகம் என்பது அங்கே விளையாட்டு அன்று. பிரிவுக்கு அமைந்த ஒரு புதிய பெயர்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. வேற்றுலகத்தை நாம் நம்புவது அதன் மலைகளையும் மாளிகைகளையும் கண்டு அன்று. அங்கே போகிறவன் எதையேனும் இழக்கிறானா என்று பார்த்தே நம்புகிறோம். நம் வாழ்வில் விலையில்லாமற் கிடைத்தது ஒன்றும் இல்லை. ஆகவே விலை கேட்காத உலகம் நமக்கு உலகமாகத் தோன்றுவதில்லை. எல்லாம் எளிதாய் நடக்கும் கதை, துயருற்றவனை ஆற்றுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் அவன் துயரைச் சிறிதாக்கி அவமதிக்கிறது. என் நண்பர் அன்று சொல்லாமற் சொன்னது அதுதான்.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கதையை மீண்டும் எழுதினேன். ஊரும் தெருவும் வீடும் மாறவில்லை. விதி மட்டும் மாறியது. அந்த வாயிலை ஆள் கடக்க முடியாது. விளக்கின் ஒளி மட்டுமே கடக்கும். அப்பால் உள்ள உலகில் இறந்தவன் அவன். உயிரோடு இருப்பவள் அவள். மனைவி போன நாள் முதல் என் கதாநாயகன் வீட்டில் மாலை விளக்கு ஏற்றவே இல்லை. ஒரு நாள் ஏதோ நினைவில் ஓர் அகலை ஏற்றி, அவள் விரும்பி அமரும் அந்த ஆற்றங்கரை மண்டபத்துக்கு எடுத்துச் சென்று வைக்கிறான். வாயிலின் அப்பால் இன்னொரு சுடர் தெரிகிறது. அவள் ஒவ்வொரு நாளும் அங்கே விளக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இருட்டில் இருந்தவன் இவன். இத்தனை நாளாக எங்கே போயிருந்தான் என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த விடை அவ்வளவே.

அதை நண்பரிடம் கொடுக்கத் தயங்கினேன், பின் கொடுத்தேன். இம்முறை அவர் ஐயம் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இந்தப் படியை நானே வைத்துக்கொள்ளலாமா?" என்றார். வேறு படி என்னிடம் இல்லை. ஆயினும் கொடுத்துவிட்டேன். ஆகையால் அந்தக் கதை எந்தப் பத்திரிகையிலும் வெளிவரவில்லை.

எழுத விரும்பும் இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு சொல். புதிய உலகத்தைப் படைக்கத் தொடங்குமுன், அதன் வானத்தில் எத்தனை நிலவுகள் என்று எண்ண வேண்டாம். அன்பை இழந்த ஒருவர் உங்கள் கதையைப் படித்துவிட்டு என்ன கேட்பார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், உங்கள் உலகத்தில் மக்கள் குடியிருப்பார்கள்.