திண்ணையும் உள்ளறையும்

நான் பிறந்த வீட்டிற்கு ஒரு திண்ணை உண்டு. வழிப்போக்கர் எவரும் அங்கே அமர்ந்து இளைப்பாறலாம். திண்ணையைக் கடந்தால் நடை. நடையைக் கடந்தால் கூடம். கூடம் வரையில் உறவினரும் நண்பரும் வருவர். அதற்கும் அப்பால் ஓர் உள்ளறை இருந்தது. அதில் ஒரு மரப்பெட்டி; அதன் சாவி எப்பொழுதும் என் பாட்டியாரின் இடுப்பில் இருக்கும். அப்பெட்டியில் களவுப் பொருள் ஒன்றும் இல்லை. சில பழைய கடிதங்கள், ஓர் அடகுச் சீட்டு, இளமையிலேயே இறந்துபோன குழந்தை ஒன்றின் சட்டை, இவ்வளவே. ஆயினும் பாட்டியாரைக் கேளாமல் அப்பெட்டியைத் திறக்க என் பாட்டனாரும் துணிந்ததில்லை.

அந்த வீடு இன்று இல்லை. ஆனால் உங்கள் கையிலுள்ள செல்பேசியும் ஒரு வீடுதான். அதற்கும் திண்ணை உண்டு, கூடம் உண்டு, உள்ளறை உண்டு. ஒரே வேறுபாடு, அவற்றிற்கு இடையே உள்ள கதவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அறியாமலே நாம் அவ்வீட்டில் வாழ்கிறோம். சமூக ஊடகங்களில் தன் அந்தரங்கத்தை ஒருவர் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பிறர் செய்த பிழையைச் சொல்லுமுன் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டில் நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். வறிய மாணவர் அறுவரின் படிப்புச் செலவை ஏற்பதற்கு ஒரு செல்வர் முன்வந்தார். மகிழ்ச்சி மிகுதியால் அந்த அறுவரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தேன். இன்னாருக்குத் தந்தை இல்லை, இன்னாரின் தாய் கூலி வேலை செய்கிறார் என்று பெயரோடு எழுதிப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் வெளியிட்டேன். பாராட்டுகள் குவிந்தன.

மூன்றாம் நாள் அவர்களுள் ஒருவன் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நானே அவன் வீட்டிற்குச் சென்றேன். வாசலில் நின்றபடியே அவன் சொன்னான்: “ஐயா, எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல நான் வெட்கப்படவில்லை. ஆனால் அதை யார் யாரிடம் சொல்வது என்பதை நான்தானே முடிவு செய்திருக்க வேண்டும்?”

அன்றிரவே படத்தை நீக்கினேன். ஆனால் அது அதற்குள் எத்தனையோ செல்பேசிகளுக்குச் சென்றுவிட்டது. பையன் மீண்டும் பள்ளிக்கு வந்தான், நன்றாகவே தேறினான். ஆயினும் அந்த ஆண்டு இறுதியில் எடுத்த வகுப்புப் படத்தில் அவன் இல்லை. அந்தப் படம் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான். அந்தப் படிப்பு கற்பிக்காத பாடத்தை அன்று அவ்வாசலில் கற்றேன்.

அவன் கேட்ட கேள்வி புதியதன்று. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் வாரன், பிராண்டைஸ் என்னும் வழக்கறிஞர் இருவர், ஒருவர் தனித்திருக்கும் உரிமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். நொடியில் படம்பிடிக்கும் கருவியும், வம்பு பரப்பும் செய்தித்தாள்களும் பெருகிய காலம் அது. நம் நாட்டிலோ, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அவர்கள் 2012இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது 86. 2017 ஆகஸ்டு 24 அன்று, அவ்வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். அந்தச் சிறுவன் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டதற்கு மறு ஆண்டே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் விடை கூறியதாக எனக்குத் தோன்றியது.

உங்களுள் சிலர் கேட்கலாம்: “நான் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?” என் பாட்டியாரின் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் இருந்தவை குற்றங்கள் அல்ல, ஒரு துயரமும் ஒரு கடனும்தான். நோய், வறுமை, வீட்டுச் சண்டை, தேர்வுத் தோல்வி, பிள்ளைப் பருவத்துக் காதல், இவை எவையும் குற்றமல்ல. ஆயினும் அவற்றைத் தெருவில் பரப்பிவைக்க எவரும் விரும்பார்.

இன்னும் ஒன்று. நம் வீட்டுக் கதவை நாம் திறந்துவைத்தால் நம் பொருள் மட்டும் போகும் என்று எண்ணுகிறோம். 2018இல் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. முகநூலில், ‘உமது குணம் எத்தகையது?’ என்று கண்டறிந்து சொல்லும் ஒரு வினா விளையாட்டு இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். ஆனால் அவர்கள் வழியாக அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் திரட்டப்பட்டன. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் விவரங்கள் சென்றிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே பின்னர்க் கணக்குச் சொல்லிற்று. ஒருவர் பொழுதுபோக்காக அழுத்திய ஒரு பொத்தான், நூற்றுக்கணக்கான நண்பர் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டது.

சிறு சிறு செய்திகள் ஒன்று சேர்ந்தால் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓடுபவர், நடப்பவர் ஆகியோரின் பாதைகளைப் பதிவுசெய்யும் ஸ்டிராவா என்னும் நிறுவனம், 2017 நவம்பரில் அப்பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலகப் படமாக வெளியிட்டது. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்று நோக்கினார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில், இருண்ட பாலைவெளிகளின் நடுவே ஒளிக்கோடுகள் தெரிந்தன. அவை படைமுகாம்களில் வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய பாதைகள்! படைவீரர்க்கே இந்நிலை என்றால், சீருடையில் பள்ளியின் பெயர் தெரியவும், பிறந்தநாள் விழாவின் தேதி தெரியவும், வீட்டு வாசலின் எண் தெரியவும் படங்களை இடும் ஒரு மாணவியின் நிலை என்ன? இம்மூன்றையும் கோத்துப் பார்க்க ஒரு தீயவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இனிச் செய்யத்தக்கவை சில சொல்கிறேன்.

உங்கள் கணக்கின் அமைப்புகளை இன்றே திறந்து, எதை யார் யார் காணலாம் என்பதை நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, கேட்பவர் யாராயினும், கொடாதீர்கள். படமெடுக்கும் செயலிக்கு இருப்பிடம் அறியும் அனுமதி இருந்தால், எடுத்த இடத்தின் குறிப்பு படத்திற்குள்ளேயே பதிவாகிவிடும், அவ்வனுமதியை நீக்கிவிடுங்கள். தேர்வு நுழைவுச் சீட்டையோ மதிப்பெண் பட்டியலையோ ஆதார் அட்டையையோ பொதுவெளியில் இடாதீர்கள்.

இவை அனைத்திற்கும் மேலானது ஒன்று உண்டு. பிறர் படத்தை இடுமுன் அவரைக் கேளுங்கள். நண்பர் நம்பி அனுப்பியதை மூன்றாமவர்க்கு அனுப்பாதீர்கள். புறங்கூறாமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அன்று புறங்கூறுவதற்கு நாவொன்றே இருந்தது. இன்று விரல் நுனியும் அத்தொழிலைச் செய்கிறது.

எவரேனும் உங்கள் படத்தை வைத்துக்கொண்டு அச்சுறுத்தினால், தனியே கலங்காதீர்கள். அவன் கேட்பதைக் கொடுத்துத் தப்பிவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். கொடுக்கக் கொடுக்க அவன் மேலும் கேட்பான். வந்த செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், சிறார் உதவிக்கு 1098 என்ற எண்ணும் உள்ளன. பெற்றோர்க்கும் ஒரு சொல்: பிள்ளை வந்து சொல்லும்பொழுது முதலில் அடிக்கவும் திட்டவும் தொடங்காதீர்கள். நீங்கள் கதவை மூடினால், அப்பிள்ளை அச்சுறுத்துகிறவனிடமே திரும்பிச் செல்லும்.

நாடாளுமன்றம் 2023இல் தனிமனிதர் தரவுகளைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அச்சட்டம். நல்லதே. ஆயினும் சட்டம் தெருவிலுள்ள காவலர் போன்றது. வீட்டின் தாழ்ப்பாளை வீட்டில் உள்ளவர்தாம் போட வேண்டும்.

திண்ணையே இல்லாத வீடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நட்பும் உரையாடலும் இல்லாத வாழ்வு வாழ்வன்று. திண்ணையில் அமர்ந்து மனமாரப் பேசுங்கள். உள்ளறையின் சாவி மட்டும் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். பிறர் சாவி உங்கள் கைக்கு வந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்று நான் அதைச் செய்யத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள்.