ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மீட்டர்

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் செய்துவரும் மாதிரிகளை நாம் எல்லோரும் மதிப்பிடுகிறோம். எதில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ, எதில் அதிக விளக்குகள் எரிகின்றனவோ, பெரும்பாலும் அதற்கே பரிசு போய்விடுகிறது. இது சரிதானா என்பதை ஒரு பொம்மை விண்கலத்தை வைத்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் கையில் இருப்பது 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வரும் என்டர்பிரைஸ் கலத்தின் பிளாஸ்டிக் மாதிரி. பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் மலிவான கிட். கதையின்படி அந்தக் கலத்தின் நீளம் 289 மீட்டர். இந்த மாதிரியின் அளவு 1:1000. அதாவது இதன் நீளம் 28.9 செ.மீ. கலத்தில் ஒரு மீட்டர் என்பது இங்கே ஒரு மில்லிமீட்டர். ஆறடி மனிதர் இதில் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்கமாட்டார்.

மலிவான கிட்டுகளில் பொதுவாகச் சில குறைகள் இருக்கும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கோடு தெரியும். விளிம்புகள் தடிமனாக இருக்கும். தகடுகளைக் காட்டும் கோடுகள் ஆழமாகப் பதிந்திருக்கும். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடு, உண்மைக் கலத்தில் அரை மீட்டர் அகலப் பள்ளம் ஆகிவிடும். அப்படி ஒரு பள்ளத்தைக் கலத்தின் மேலே யார் வெட்டி வைப்பார்கள்? கண் இந்தக் கணக்கைப் போடாது. ஆனால் 'இது பொம்மை' என்று உடனே சொல்லிவிடும்.

இதைச் சீராக்கத் திரைப்பட மாதிரிக் கலைஞர்கள் இரண்டு வழிகளைக் காட்டியிருக்கிறார்கள்.

முதல் வழி, சேர்ப்பது. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் தலைக்கு மேலே நீண்டுகொண்டே போகும் போர்க்கலம் நினைவிருக்கலாம். கதையில் அது 1600 மீட்டர். படப்பிடிப்பில் பயன்பட்ட மாதிரியோ சுமார் 91 செ.மீ. பீரங்கி வண்டி, போர்க்கப்பல், விமானம் ஆகியவற்றின் கிட்டுகளில் இருந்து நுண்ணிய பாகங்களை எடுத்து அந்தக் கலைஞர்கள் மாதிரிகளின் மேல் ஒட்டினார்கள். சிறு பாகங்கள் நிறைய இருந்தால் பொருள் மிகப் பெரியது என்று கண் நம்புகிறது.

இரண்டாவது வழி, நீக்குவது. என்டர்பிரைஸை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களில் பணியாற்றியவர். பழுது பார்ப்பவர் விண்வெளியில் வெளியே வந்து தொங்கக் கூடாது, எல்லாவற்றையும் உள்ளிருந்தே சரிசெய்ய முடிய வேண்டும் என்று அவர் நினைத்தார். அதனால் வெளிப்புறத்தை வழவழப்பாக வைத்தார். படப்பிடிப்புக்காக 1964இல் செய்யப்பட்ட 3.4 மீட்டர் நீள மாதிரி இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய வானூர்தி மற்றும் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வட்டத் தட்டின் மேல் இருப்பவை பள்ளங்கள் அல்ல, மெல்லிய பென்சில் கோடுகள்தாம்.

ஆகவே இந்தக் கிட்டில் ஆழமான கோடுகள் இருந்தால், பட்டி பூசி நிரப்பி, 400, 600, 800 எண் உப்புத்தாள்களை வரிசையாக எடுத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கூரான பென்சிலால் மெலிதாகக் கோடு போட்டால் போதும். உள்ளே எல்.இ.டி. வைப்பதாக இருந்தால், முதலில் உட்புறம் கறுப்பு பெயிண்ட், அதன் மேல் வெள்ளை. இல்லாவிட்டால் சன்னல் மட்டும் அல்ல, கலம் முழுவதும் விளக்குக் கூண்டு போல ஒளிரும். கத்தியும் உடனடிப் பசையும் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதே கிட்டைச் செய்தாள். தட்டைச் சுற்றிப் பளபளக்கும் பாசிமணிகளை ஒட்ட எடுத்து வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவுகோலைக் கொடுத்து, "ஒரு மணி எவ்வளவும்மா?" என்று மட்டும் கேட்டேன். அளந்தாள். மூன்று மில்லிமீட்டர். சற்று யோசித்துவிட்டு, "சார், அப்போ இது மூணு மீட்டர். எங்க வீட்டு ரூம் அளவு இருக்கு. இவ்வளவு பெரிய உருண்டை வெளியில எதுக்கு சார்?" என்றாள். மணிகள் டப்பாவுக்குத் திரும்பின. விகிதமும் விகிதசமமும் அவள் முன்பே படித்த பாடம்தான். அன்று அதை வைத்து ஒரு முடிவு எடுத்தாள்.

அவளுடைய மாதிரியில் வெளியே தெரியும்படி சேர்ந்தது மிகக் குறைவு. கண்காட்சியில் அதன் பக்கத்தில் நின்ற மாதிரிகள் இன்னும் பளபளப்பாக இருந்தன. பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. கோடுகளை நிரப்பித் தேய்த்த இரண்டு வார உழைப்பு, வந்தவர்கள் கண்ணில் படாத உழைப்பு. அதைக் கேட்டு அறிய மதிப்பீட்டுத் தாளில் இடமே இல்லை.

அந்த இடத்தை நாம்தான் ஏற்படுத்த வேண்டும். மாதிரியின் முன் நிற்கும் குழந்தையிடம் மூன்று கேள்விகள் கேட்போம். இதன் அளவு விகிதம் என்ன? இந்தப் பாகம் உண்மையில் எவ்வளவு பெரியது, எதற்காக இருக்கிறது? நீ எதை வேண்டாம் என்று விட்டாய், ஏன்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு குழந்தை காரணத்தோடு பதில் சொன்னால், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். விலை உயர்ந்த பொருள் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் அந்த மதிப்பெண்ணைப் பெற முடியும்.